போர்ச் இறங்குது, வீடு இறங்கலை

2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு பெண்மணி அந்தக் குழிக்குள் விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எட்டு மீட்டர் ஆழம் என்றார்கள். ஒன்பது நாள் தேடிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அந்த வாரத்திலிருந்து என் வாட்ஸ்அப்புக்கு வரும் படங்களே மாறிப்போயின. அதுவரை காலை வணக்கமும் கல்யாணப் பத்திரிகையும்தான். அப்புறம் பார்த்தால் தாமான் செந்தோசாவிலிருந்து ஒரு கார் போர்ச், காப்பாரிலிருந்து ஒரு சமையலறை, பண்டமாரானிலிருந்து ஒரு வாசற்படி என்று ஒரே வெடிப்புப் படங்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே கேள்வி: "அண்ணே, எங்க வீட்டுக்கு அடியிலயும் பள்ளம் இருக்குமா?"

நான் கட்டட சைட்டில் கிளார்க் ஆஃப் வொர்க்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இஞ்சினியர் இல்லை. ஆனால் கான்கிரீட் ஊற்றும்போது பக்கத்தில் நின்று, ஊற்றிய பிறகு அது என்னென்ன சேட்டை செய்கிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி மாளவில்லை. அதனால் இந்தப் பதிவு.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. பத்துமலையில் வானத்தைத் தொட்டு நிற்கும் அதே இனப் பாறை, நகரத்துக்குள் மண்ணுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. மழைநீர் அதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துப் பொந்துகளாக்கி வைத்திருக்கிறது. போதாதற்கு சுங்கை பீசி, பூச்சோங் பக்கமெல்லாம் ஈய லம்பம் தோண்டிய நிலம். தோண்டிய குழிகளை மணலும் சேறும் மாறி மாறி நிரப்பியிருக்கின்றன. அங்கே தரை திடீரென்று மோசம் செய்ய வாய்ப்பு உண்டு.

அந்தப் படங்கள் வந்த கிள்ளானின் மண் வேறு. கடலோரமாகப் படிந்த சாம்பல் நிறக் களிமண், சில இடங்களில் 20, 30 மீட்டர் ஆழத்துக்குப் போகிறது. அதில் பொந்து கிடையாது, தண்ணீர்தான் நிறைய. ஆளை விழுங்கும் அவசரம் அதற்கு இல்லை. மெதுவாக, வருஷக்கணக்கில், மேலே இருப்பதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் போர்ச் வெடித்ததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தாமான் கட்டுகிறவர் முதலில் தாழ்வான நிலத்தை மண் கொட்டி உயர்த்துவார். ஒரு மீட்டர் உயரத்துக்குக் கொட்டினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 டன் எடை. அந்தப் பாரம் தாங்காமல் அடியிலுள்ள களிமண் தண்ணீரைக் கசியவிட்டுச் சுருங்க ஆரம்பிக்கிறது. களிமண்ணிலிருந்து தண்ணீர் அவ்வளவு லேசில் வெளியேறாது, அதனால்தான் இத்தனை வருஷம் எடுக்கிறது. வீட்டுக்கு மட்டும் பைலிங் உண்டு. பழைய வீடுகளுக்கு பாக்காவ் மரக் கம்பம், பிறகு வந்தவற்றுக்கு சதுரக் கான்கிரீட் கம்பம். ஆக வீடு கம்பத்தின் மேல் நிற்கிறது. போர்ச் தரையோ சும்மா மண்ணின் மேல் படுத்திருக்கிறது. மண் இறங்கினால் போர்ச்சும் கூடவே இறங்கும், வீடு இறங்காது. இரண்டும் சேரும் இடத்தில் வெடிக்காமல் என்ன செய்யும்?

வாசலில் போய்ப் பாருங்கள். வெடிப்பு வீட்டுச் சுவருக்கு இணையாக, நீளவாக்கில் ஓடுகிறதா? குடிவந்த புதிதில் நாலு அங்குலமாக இருந்த படி இப்போது எட்டு அங்குலமாகிப் பாட்டிக்கு ஏற முடியாமல் போய்விட்டதா? லோங்காங் வீட்டை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் உங்களிடம் இருப்பது அசல் கிள்ளான் போர்ச்.

இனிதான் எனக்குக் கோபம் வரும் இடம். எங்கள் வரிசையில் இருக்கும் தம்பி ஒருவர், குத்தகைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து நின்றார்.

"அண்ணே, பழசு மேலேயே நாலு இஞ்ச் ஊத்தி லெவல் பண்ணிடலாம்னு சொல்றாரு. ஒடைக்கிற கூலி மிச்சம்லா."

"உங்கப்பா காலத்துலயும் ஒரு தடவை மேல ஊத்தினாங்கதானே?"

"ஆமாண்ணே. அது மேலதான் இப்பவும் ஊத்தறதா சொல்றாரு."

"கணக்குப் போட்டியா தம்பி?"

நாங்கள் அங்கேயே நின்று போட்டோம். இருபதடிக்கு இருபதடி போர்ச், நாலு அங்குலக் கனம். கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 2.4 டன். பெருக்கினால் ஒன்பது டன்னுக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. ஒரு மைவி காரின் எடை ஏறத்தாழ ஒரு டன். ஒன்பது மைவியை வாசலில் நிறுத்திவிட்டு, இனி எடுக்கவே மாட்டேன் என்று சொல்வதுபோல. எடை தாங்காமல் இறங்கிய மண்ணுக்கு மருந்தாக மேலும் எடை! அந்தப் புதுத் தரை முதல் வருஷம் அழகாகத்தான் இருக்கும். பிறகு முன்னைவிட வேகமாக இறங்கும். போகிற போக்கில் கீழே ஓடும் கழிவுநீர்க் குழாயையும் உடைத்துவிடும்.

குழாய் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து வெளியே போகும் குழாய், வீடும் போர்ச்சும் சேரும் அதே கோட்டைத் தாண்டித்தான் போகிறது. ஒரு முனை வீட்டோடு நிற்க, மறுமுனை மண்ணோடு இறங்க, நடுவில் இணைப்பு விட்டுப்போகும். கசியும் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போய் அடியில் வெற்றிடம் உண்டாக்கும். கிள்ளானில் நீங்கள் பயப்படத் தகுந்த பள்ளம் இதுதான். மேன்ஹோல் மூடியைத் திறந்து, வீட்டுக்குள் ஒருவரைத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். விட்ட தண்ணீர் முழுதும் வந்து சேர்கிறதா, கலங்கலாக மண்ணோடு வருகிறதா என்று கவனியுங்கள். தரையை ஒரு சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே நடங்கள். திடமான இடத்தில் கணீர் என்றும் வெற்றிடத்தின் மேல் தொப்பென்றும் கேட்கும். குழாயைச் சரிசெய்யாமல் தரையைத் தொடவே வேண்டாம்.

சரி, என்னதான் செய்வது? இறங்குகிற மண்ணோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டால் வேலை சுலபம். வீட்டையும் போர்ச்சையும் பிரித்துவிடுங்கள். பழைய தரையை உடைத்து அள்ளுங்கள் (அப்பா காலத்து அடுக்கையும் சேர்த்து). க்ரஷர் ரன் போட்டு அழுத்தி, பிளாஸ்டிக் விரித்து, ஏ7 பிஆர்சி கம்பிவலையைச் சிறு கட்டைகள் மேல் தூக்கி வைத்து ஊற்றுங்கள். வலை தரையில் கிடந்தால் மண்ணுக்குத்தான் பலம். வீட்டுச் சுவர், போர்ச் தூண் ஆகியவற்றை ஒட்டி அரை அங்குலம் நுரைப்பலகை வைத்து இடைவெளி விடுங்கள், மேல்வாயை பாலியூரிதேன் சீலண்டால் அடையுங்கள். இனி தரை இறங்கினால் தனியாக, நேராக இறங்கும். வெடிப்பு வராது, படி மட்டும் உயரும். படியைத் தனித் துண்டாகக் கட்டிக்கொண்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால் கிள்ளான் போர்ச்சுக்குக் கான்கிரீட்டே வேண்டாம் என்பேன். இன்டர்லாக்கிங் கல் போடுங்கள். இறங்கிய இடத்தில் கல்லைப் பெயர்த்து, மணல் நிரவி, அதே கல்லைத் திரும்ப அடுக்கலாம். பணக்கார வீட்டுத் தோற்றம் வராது என்று வீட்டம்மாக்கள் முகம் சுளிப்பார்கள். பளபளப்பான டைல்ஸ் போட்டுவிட்டு அது ஒவ்வொன்றாக எழும்பி உடைவதைப் பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல். போர்ச்சுக்கும் பைலிங் அடிக்கலாம், தப்பில்லை. செலவைக் கேட்டால் தலை சுற்றும். அடியில் மண் இறங்கி, தரை மட்டும் அந்தரத்தில் நிற்கும்போது அதிலுள்ள குழாய்களின் கதி என்ன என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். துளையிட்டு பாலியூரிதேன் நுரை செலுத்தித் தரையைத் தூக்கும் முறையும் இப்போது இருக்கிறது. அரித்துப்போன வெற்றிடத்தை நிரப்ப அது நல்ல வேலை. இருபது மீட்டர் களிமண்ணின் சுருக்கத்தை அது நிறுத்தாது.

எல்லா வெடிப்பும் மண்ணால் வருவதில்லை. கான்கிரீட் தானாகவே சுருங்கும் பொருள். ஆறு மீட்டர் நீளத் தரை காய்ந்து முடிக்கும்போது ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் குறைந்துவிடுகிறது. நூறு மில்லிமீட்டர் கனமுள்ள தரையில் இரண்டரை, மூன்று மீட்டருக்கு ஒரு வெட்டு, கால்வாசி ஆழத்துக்கு, ஊற்றிய மறுநாள் காலையிலேயே போட்டுவிட வேண்டும். போட்டால் வெட்டுக்குள்ளேயே மறைவாக வெடித்துக்கொள்ளும், போடாவிட்டால் தனக்குப் பிடித்த இடத்தில் வெடிக்கும். நம் ஆட்கள் கலவையில் அள்ளி ஊற்றும் தண்ணீர் வேறு. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் தாராளம். தள்ளுவண்டியிலிருந்து கஞ்சி மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடினால் பரப்புகிறவருக்குச் சுகம். அந்த அதிகத் தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும் வழியெல்லாம் துவாரமும் விரிசலும்தான். ஊற்றி முடித்ததும் ஏழு நாளைக்கு நனைந்த சாக்குப் போட்டு வையுங்கள். நம் ஊரில்தான் தினமும் மழை பெய்கிறதே என்று விடாதீர்கள். மாலையில் பெய்யும் மழைக்கு முன்னால் காலை முழுக்க வெயில் அடித்துவிடுகிறது.

அடைப்பதற்கு முன் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெடிப்பு இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா? வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் அகலத்தை அளந்து, பக்கத்தில் அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் திரும்பப் பாருங்கள். கருவி எதுவும் இல்லையென்றால் காலாவதியான டச் அண்ட் கோ கார்டு போதும். அதன் கனம் முக்கால் மில்லிமீட்டர். கார்டு தாராளமாக உள்ளே போனால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். மைகாட்டை வைத்துச் சோதிக்காதீர்கள், உள்ளே விழுந்தால் பதிவிலாகாவில் விளக்கம் சொல்லி மாளாது. தலைமுடி அளவுக் கீறல்களை என்ன செய்வது என்று கேட்காதீர்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். மிக நுண்ணிய கீறல் மழைத் தண்ணீர் பட்டுப் பட்டுத் தானாகவே மூடிக்கொள்வதும் உண்டு. உள்ளிருக்கும் சுண்ணாம்பு கரைந்து வந்து வெள்ளைக் கோடாகப் படிந்துவிடும்.

நின்றுவிட்ட வெடிப்பென்றால் கிரைண்டரால் இருபக்கமும் பத்து மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாய் விரித்து, தூசியை உறிஞ்சி எடுத்து, நன்றாகக் காயவிட்டு எபாக்சி ஊற்றலாம். ஒழுங்காகச் செய்தால் ஒட்டிய இடம் கான்கிரீட்டை விடப் பலமாக இருக்கும். தூசி மேல் ஊற்றினால் தூசியோடுதான் ஒட்டும். நகரும் வெடிப்பில் எபாக்சி வேண்டவே வேண்டாம். ஒட்டிய இடம் தாங்கிக்கொண்டு, பக்கத்தில் புதிதாக வெடிக்கும். அங்கே இழுபடும் சீலண்ட்தான் சரி. அதையும் அப்படியே பிழிந்து நிரப்பாமல், முதலில் ஒரு நுரைக் கயிற்றை அடியில் திணித்துவிட்டு அதற்கு மேல் போட வேண்டும். சீலண்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் நீள முடியாமல் கிழிந்துபோகும். ஹார்ட்வேர் கடை தவுக்கே நுரைக் கயிற்றைத் தானாக எடுத்துக் கொடுக்க மாட்டார், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். வெறும் சிமெண்டுக் குழம்பைக் கரைத்து வெடிப்பில் தேய்ப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அதுவும் சுருங்கும், அடுத்த மழைக்குள் தகடாகப் பெயர்ந்து வரும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கதை தனி. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைத் துடைத்துப் போட்ட பிறகு, மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்ற காலத்தில் சூளைகள் எரிந்த பூமி அது. பிறகு ரயில்வே வந்தது, 1905-இல் கட்டிய நூறு குவாட்டர்ஸ் வந்தது. மன்மோகன் சிங் வந்து 2010 அக்டோபர் 27-இல் லிட்டில் இந்தியாவைத் திறந்தபோது தெருவும் நடைபாதையும் பளிச்சென்று ஆயின. கடைகளின் பின்கட்டுச் சமையலறைகளை யார் பார்த்தார்கள்? ஜாலான் துன் சம்பந்தனைச் சுற்றியுள்ள வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளின் தரைகளைப்போல் அடி வாங்கும் தரையை நான் தொழிற்சாலையில்கூடக் கண்டதில்லை.

நினைத்துப் பாருங்கள். அண்டாவிலிருந்து கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சி அதே தரையில் கொட்டும். ஐந்து நிமிஷத்தில் அதே இடத்தைக் குழாய்த் தண்ணீரால் கழுவுவார்கள். தயிரும் மோரும் சிந்தும், அதிலுள்ள லாக்டிக் அமிலம் சிமெண்டைத் தின்னும். எண்ணெய் ஊறும், சீனிப்பாகு ஊறும், இரண்டுமே கான்கிரீட்டுக்கு ஆகாதவை. இரவில் வழுக்குகிறது என்று கழிவறைக்குப் போடும் அமிலத்தை ஊற்றித் தேய்ப்பார்கள். ஆறு மாதத்தில் மேல்தோல் போய்ச் சல்லி பல்லிளிக்கும். உடனே யாராவது வந்து எபாக்சி பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார்கள். சாதாரண எபாக்சி 60 டிகிரி சூட்டுக்குள்ளேயே இளகத் தொடங்கும் சரக்கு. கஞ்சி விழுகிற இடத்தில் தோல் உரியாமல் இருந்தால்தான் அதிசயம். இந்த மாதிரி இடத்துக்கு பாலியூரிதேனும் சிமெண்டும் கலந்த தளப்பூச்சு இருக்கிறது. ஆறு முதல் ஒன்பது மில்லிமீட்டர் கனத்துக்குப் போடுவார்கள். கான்கிரீட்டோடு சேர்ந்து விரியும், சேர்ந்து சுருங்கும். விலை அதிகம்தான். ஒவ்வொரு வருஷமும் கடையை மூன்று நாள் மூடி பெயிண்ட் அடிக்கிறவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

பழைய கடைவீடுகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. தரைக்கு அடியில் பிளாஸ்டிக் விரிக்கும் பழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. மண்ணின் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். மேலே எதைப் பூசினாலும் கொப்பளிக்கும். பூசுமுன் ஒன்றரையடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் அடியில் வியர்த்திருந்தால் பெயிண்ட்காரரைத் திருப்பி அனுப்பிவிடலாம். பாட்டி வீட்டுச் சிவப்பு சிமெண்டுத் தரை இன்னும் வைத்திருக்கும் புண்ணியவான்கள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள்: அதிலுள்ள கீறலை அடைக்காதீர்கள். எத்தனை கைதேர்ந்தவர் காவி கலந்தாலும் அறுபது வருஷக் காலடி மெருகோடு புது நிறம் ஒத்துப்போகாது. ஒட்டுப்போட்டது காலத்துக்கும் கண்ணை உறுத்தும்.

கம்பி துருப்பிடித்து உதிரும் கான்கிரீட்டைப் பற்றிச் சுருக்கமாக. பழைய அடுக்குமாடியின் உள்கூரையில், போர்ட் கிள்ளான் பக்கத்து வீடுகளில் இது சகஜம். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் பொருள். உள்ளிருந்து தள்ளிக் கான்கிரீட்டைத் துண்டாக உடைக்கிறது. உடைந்த இடத்தில் மட்டும் சிமெண்டு அப்பினால் உள்ளே துரு தொடரும். கம்பியின் பின்பக்கமும் விரல் போகிற அளவுக்குக் கொத்தியெடுத்து, கம்பி பளபளக்கும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பிறகு பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். அடுக்குமாடியில் மேல்வீட்டுத் தண்ணீர்தான் காரணம் என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 2015 ஸ்ட்ராட்டா விதிகளின்படி அவர்கள் ஏழு நாளுக்குள் வந்து பார்த்தாக வேண்டும். உங்கள் கூரையில் ஒழுகினால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை மேல்வீட்டிலிருந்துதான் வருகிறது என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது.

எந்த வெடிப்புக்கு என்னையும் நம்பாமல் இஞ்சினியரைக் கூப்பிட வேண்டும்? தூணில், பீமில் வந்தால். சன்னல் மூலையிலிருந்து சுவரில் குறுக்காக ஓடினால். கதவு திடீரென்று மூட மாட்டேன் என்று அடம்பிடித்தால். மேட்டு நிலத்தில் குடியிருந்தால் வெளியே ரோட்டில், தடுப்புச் சுவரில் புதுக்கோடு தெரிந்தாலே. உலு கிள்ளான் ஹைலேண்ட் டவர்ஸில் 1993 டிசம்பர் 11-ஆம் தேதி பன்னிரண்டு மாடிக் கட்டடம் சாய்ந்து 48 பேர் போனார்கள். அதற்கு முந்திய வாரங்களில் சுற்றியிருந்த சாலையில் வெடிப்புகள் தோன்றி அகன்றுகொண்டிருந்ததைக் குடியிருப்பாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த வெடிப்பை எதை வைத்து அடைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

புது வீட்டுக்காரர்களே, உங்கள் செலவில் எதையும் தொடும் முன் சாவி வாங்கிய தேதியைப் பாருங்கள். 24 மாதத்துக்குள் வரும் குறையைக் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும். படம், அளவு, தேதியோடு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது, 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. அந்த 24 மாதம் முடிந்த பிறகும் ஒரு வருஷம் வரை போகலாம். நீங்களாக ஆள் வைத்துப் போர்ச்சை உடைத்து ஊற்றிவிட்டுப் பிறகு போய் நின்றால், கெடுத்தது நீங்கள்தான் என்பார்கள்.

கடைசியாக, நேரம். நம் மக்கள் வீட்டு வேலையெல்லாம் தீபாவளிக்கு முந்தின மாதம்தான் தொடங்குவார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிக மழை கொட்டும் காலமே அக்டோபர், நவம்பர்தான். குத்தகைக்காரர்களுக்கும் அப்போது ஒரே சமயத்தில் பத்து வீடு. சாக்குப் போட ஏழு நாள் கேட்டால் சிரிப்பார்கள். ஜூன், ஜூலையில் செய்யுங்கள், மழையும் குறைவு, ஆளும் கிடைப்பார். இந்த வருஷம் தவறிவிட்டதென்றால் போர்ச்சை நன்றாகக் கழுவி, வெடிப்பின் மேலேயே பெரிதாக ஒரு ரங்கோலி போட்டு மறைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் அதைத் தாண்டித்தான் வருவார்கள்.